நீங்கள் எப்போதும் நடப்பது போலவே நடந்து காட்டுங்கள்
சமநிலைப் பரிசோதனையும் விழும் அபாயமும் குறித்து நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு விளக்கம்

இயன்முறை மருத்துவப் பிரிவிற்கு முதன்முறையாக வருவோரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கடந்த ஓராண்டில் எப்போதாவது கீழே விழுந்தீர்களா?” பெரும்பாலோர் உடனே “இல்லை” என்றுதான் சொல்கின்றனர். உடன் வந்திருக்கும் மகளோ மருமகளோ சற்றுத் தயங்கி, “அம்மா, பொங்கலுக்கு முந்தின நாள் கொல்லைப்புறத்தில்...” என்று தொடங்குவார். “அது விழுந்தது இல்லை, கால் வழுக்கியது, அவ்வளவுதான்” என்று தாயார் முடித்துவிடுவார்.

மருத்துவ நோக்கில் அதுவும் விழுதலே ஆகும். தம் விருப்பமின்றி ஒருவர் தரையிலோ தாம் இருந்த இடத்தினும் தாழ்ந்த இடத்திலோ வந்து சேர்ந்தால் அது விழுதல் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அடிபட்டதா, எவரேனும் பார்த்தார்களா, காரணம் வழுக்கலா மயக்கமா என்பவை எல்லாம் அடுத்த கேள்விகள். சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பியவர்களும் அதை எங்களிடம் சொல்ல வேண்டும். இந்த மறைப்பு ஏன் ஆபத்தானது, சமநிலையை நாங்கள் எவ்வாறு அளக்கிறோம், அந்த அளவை வைத்து என்ன செய்கிறோம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

ஏன் இவ்வளவு அக்கறை?

உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுவதால் உயிரிழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களுள் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே. இவற்றுள் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல், நம் நாட்டைப் போன்ற குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்கின்றன.

உயிருக்கு ஆபத்தில்லாத விழுதலும் வாழ்க்கையை மாற்றிவிடக்கூடும். எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர் ஒருவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே இடுப்புப் பகுதியில் தொடை எலும்பு முறியலாம். அதன்பின் அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, தசை மெலிவு, பிறரைச் சார்ந்திருத்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் துன்பங்கள் வருகின்றன. பக்கவாதம், பார்கின்சன் நோய், நெடுநாள் நீரிழிவு, முழங்கால் தேய்மானம், எலும்பு அறுவை சிகிச்சை ஆகியவற்றிற்காக எங்களிடம் வருவோருக்கு இந்த அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு அதிகம் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. ஆகவேதான் கொல்லைப்புறத்தில் நேர்ந்த அந்தச் சிறு வழுக்கல், எந்தப் பரிசோதனைக்கும் முன்பாக எங்களுக்குக் கிடைக்கும் மதிப்புமிக்க தகவலாகிறது.

சமநிலை எவ்வாறு காக்கப்படுகிறது?

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு உடல் மூன்று வழிகளில் செய்தி திரட்டுகிறது. கண்கள் சுற்றுப்புறத்தைக் காட்டுகின்றன. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, தலை சாய்வதையும் திரும்புவதையும் உணர்த்துகிறது. பாதத்தின் தோலும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளும் தரை எப்படி இருக்கிறது, கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதைத் தெரிவிக்கின்றன. மூளையும் சிறுமூளையும் இம்மூன்றையும் ஒன்றுசேர்த்து, எந்தத் தசை எவ்வளவு இறுக வேண்டும் என்று நொடிக்கு நொடி ஆணையிடுகின்றன.

ஒரு வழி பழுதானால் மற்ற இரண்டும் ஓரளவு ஈடுசெய்துவிடும். அதனால் குறை வெளியே தெரியாமல் இருக்கும். நீண்டகால நீரிழிவால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவர் பகல் வெளிச்சத்தில் நன்றாகவே நடப்பார். அவரே முகத்தில் சோப்புத் தடவிக் கண்ணை மூடும்போது தள்ளாடுவார். மின்சாரம் தடைப்பட்ட இரவில் நிலைப்படியில் தடுக்கி விழுவார். பாதம் செய்ய வேண்டிய வேலையை அதுவரை கண் செய்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள். கால்களைச் சேர்த்து நிற்கச் செய்து, பின்னர்க் கண்களை மூடச் சொல்லி நாங்கள் கவனிப்பது இதற்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் ரோம்பர்க் என்பவரின் பெயரால் இச்சோதனை இன்றும் வழங்குகிறது.

நாங்கள் செய்யும் சோதனைகள்

இச்சோதனைகளில் ஊசியில்லை, வலியில்லை. ஒரு நாற்காலி, ஓர் அளவுநாடா, ஒரு ஸ்டாப்வாட்ச் ஆகியவை போதும். ஒவ்வொன்றின்போதும் எங்கள் இயன்முறை மருத்துவர் கையெட்டும் தொலைவில் நிற்பார்.

எழுந்து நடந்து அமரும் சோதனை: கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் அமர வேண்டும். கனடாவில் 1991-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இம்முறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. வழக்கமாகக் கைத்தடியோ வாக்கரோ வைத்திருப்பவர் அதனுடனேயே நடக்கலாம். 12 வினாடி அல்லது அதற்கும் மேலாகும் முதியவர்களை விழும் அபாயம் உள்ளவர்களாகக் கருதி மேலும் ஆராயுமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. நேரத்தோடு சேர்த்து வேறு பலவற்றையும் நாங்கள் குறித்துக்கொள்கிறோம். எழும்போது கையூன்றுகிறாரா, திரும்பும்போது சிறுசிறு அடிகளாக வைக்கிறாரா, நாற்காலியை நெருங்கும் முன்பே தொப்பென்று அமர்கிறாரா என்பவற்றைப் பார்க்கிறோம்.

நான்கு நிலைகளில் நிற்றல்: முதலில் இரு பாதங்களையும் சேர்த்து வைத்து நிற்க வேண்டும். அடுத்து ஒரு பாதத்தைச் சற்று முன்னே நகர்த்தியும், பின்னர் ஒரு குதிகால் மற்றக் காலின் விரல்களைத் தொடும்படி வைத்தும், இறுதியில் ஒற்றைக் காலிலும் நிற்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் 10 வினாடி. மூன்றாம் நிலையில் 10 வினாடி நிற்க இயலாத முதியவருக்கு விழும் அபாயம் கூடுதல்.

30 வினாடியில் எழுந்து அமர்தல்: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுகிறோம். இது தொடைத் தசைகளின் வலிமையைக் காட்டும். 70 முதல் 74 வயது வரை உள்ளோரில், பெண்கள் 10 முறைக்கும் ஆண்கள் 12 முறைக்கும் குறைவாக எழுந்தால் அது சராசரிக்கும் கீழ் என்று மேற்சொன்ன மையம் வகுத்துள்ளது.

கை நீட்டும் சோதனை: சுவரோரம் நின்று, குதிகாலைத் தூக்காமல், கையை முன்னோக்கி எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என்று அளக்கிறோம். அலமாரியில் இருக்கும் டப்பாவை எட்டி எடுப்பது போன்ற செயல் இது. 15 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நீட்ட முடிந்தால் எச்சரிக்கை தேவை.

பெர்க் சமநிலை அளவுகோல்: கனடாவின் இயன்முறை மருத்துவர் கேத்தரின் பெர்க் உருவாக்கியது. அமர்தல், நிற்றல், தரையிலிருந்து ஒரு பொருளை எடுத்தல், முழுவட்டமாகத் திரும்புதல் என 14 செயல்கள் இதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. பக்கவாதத்திலிருந்து மீள்வோரின் முன்னேற்றத்தைத் தொடர்ந்து காண இது பெரிதும் உதவுகிறது.

நடந்துகொண்டே பேசுதல்: நடக்கும்போது எங்கள் மருத்துவர் “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்பார். சிலர் பதில் சொல்வதற்காக நின்றுவிடுவார்கள். நடையே முழுக் கவனத்தையும் எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம். பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்தும் முதியவர்கள் பின்னாளில் அதிகம் விழுந்ததை சுவீடனில் செய்யப்பட்டு 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இவற்றுடன் படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பின்னும் இரத்த அழுத்தம் பார்க்கிறோம். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. பாத உணர்ச்சி, பார்வை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் ஆராய்கிறோம். படுக்கையில் புரளும்போது சில வினாடிகள் அறையே சுழல்வதாகச் சொல்வோருக்கு உட்செவியையும் பரிசோதிக்கிறோம். அவர்களுள் பலருக்குத் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் சிகிச்சையே நிவாரணம் தந்துவிடும்.

இது தேர்வு அன்று

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். இது தனி ஒருவரின் கதை அன்று. எங்களிடம் வந்த பலரின் அனுபவங்களை ஒன்றுசேர்த்துச் சொல்வது.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பயிற்சிக்கு வந்த, எழுபது வயதைக் கடந்த தாயார் ஒருவர் சோதனை நாளன்று மிகக் கவனமாக நடந்தார். ஸ்டாப்வாட்ச் 11 வினாடி காட்டியது. “பாஸ் ஆகிவிட்டேனா, டாக்டர்?” என்று மகிழ்ச்சியுடன் கேட்டார். நாங்களும் மகிழ்ந்தோம். அடுத்த வாரம் மணிக்கட்டில் கட்டுடன் வந்தார். அப்போதுதான் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அம்மா அதற்கு முன்பும் ஒருமுறை விழுந்திருக்கிறார். இரண்டு முறையும் விடியற்காலையில், படுக்கையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குச் செல்லும் வழியில். “சொன்னால் நடக்கவே விடமாட்டார்கள், பேரன் திருமணத்திற்குக் கூட அழைத்துப் போகமாட்டார்கள் என்று பயந்து சொல்லவில்லை” என்றார் தாயார்.

படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தோம்: மேல் அளவு 140. எழுந்து நின்றதும் 112. இரவில் உட்கொண்ட மாத்திரைகளுள் ஒன்று தூக்க மாத்திரை. குறை முழங்காலில் இல்லை. பகலில், வெளிச்சத்தில், முழுக் கவனத்தோடு நடந்த 11 வினாடிகளில் அது வெளிப்படவும் வழியில்லை. மருந்துகளும் அவற்றின் நேரமும் மருத்துவரால் மாற்றியமைக்கப்பட்டன. எழுமுன் கட்டிலின் விளிம்பில் சில நிமிடம் அமர்ந்து கணுக்கால்களை மேலும் கீழும் அசைக்கக் கற்றுக்கொண்டார். கழிப்பறை செல்லும் வழியில் ஒரு சிறு இரவு விளக்கு பொருத்தப்பட்டது. பேரன் திருமணத்திற்கும் சென்று வந்தார்.

அந்தத் தாயாரைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. சோதனையின் எண்ணை மட்டும் நம்பி மகிழ்ந்த எங்களுக்கும் அது ஒரு பாடம். எந்த ஒரு சோதனையும் ஒருவருடைய விழும் அபாயத்தை முழுமையாகச் சொல்லிவிடாது. எண்ணும், உங்கள் வாய்மொழியும், வீட்டில் இருப்போர் கண்டதும் சேரும்போதுதான் உண்மை புலப்படும். ஆகவே எங்கள் முன்னே சிறப்பாக நடந்து காட்ட வேண்டாம். வீட்டில் எப்படி நடப்பீர்களோ, எந்தச் செருப்பை அணிவீர்களோ, எதைப் பிடித்து எழுவீர்களோ, அப்படியே செய்து காட்டுங்கள். குறைந்த மதிப்பெண் எவரையும் வீட்டில் முடக்குவதற்கன்று. எங்கிருந்து பயிற்சியைத் தொடங்குவது என்று அறிவதற்கே.

நடக்கவிடாமல் தடுப்பது பாதுகாப்பு ஆகுமா?

குடும்பத்தினருக்கு ஒரு சொல். ஒருமுறை விழுந்தவரிடம், “நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம், எல்லாம் கட்டிலுக்கே வரும்” என்று சொல்வது அன்பினால்தான். ஆனால் நடக்காத கால்கள் விரைவாக வலிமை இழக்கின்றன. வலிமை குறையக் குறைய அச்சம் கூடுகிறது. அச்சத்தால் அசைவு இன்னும் குறைகிறது. பிறகு ஒருநாள், எவரும் அருகில் இல்லாதபோது அவர் எழத்தான் செய்வார். அன்று விழும் வாய்ப்பு முன்பைவிட அதிகமாக இருக்கும். “நடக்காதீர்கள்” என்பதற்கு மாறாக, “நான் வருகிறேன், சேர்ந்து நடப்போம்” என்று சொல்லுங்கள். விழுந்ததைச் சொன்னால் திட்டு விழாது, வெளியே போவது தடைப்படாது என்ற நம்பிக்கையை முதியவருக்குக் கொடுங்கள். அந்த நம்பிக்கை இருந்தால்தான் எங்களுக்கும் உண்மை வந்து சேரும்.

அளந்த பின் என்ன செய்கிறோம்?

சோதனையின் முடிவுக்கு ஏற்பப் பயிற்சி வகுக்கப்படுகிறது. தொடை வலிமை குறைந்தவருக்கு நாற்காலியில் எழுந்து அமரும் பயிற்சி, குதிகால் உயர்த்தும் பயிற்சி ஆகியவை தரப்படும். நிற்பதில் தடுமாற்றம் உள்ளவர் சமையலறை மேடையைப் பிடித்தபடி கால்களின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிற்கப் பழகுவார். பார்கின்சன் நோயாளிக்குத் திரும்பும் முறையும் பெரிய அடி வைக்கும் முறையும் கற்பிக்கப்படும். சமநிலைப் பயிற்சி சற்றே கடினமாக இருந்தால்தான் பலன் தரும். எனவேதான் அது மேற்பார்வையுடன் தொடங்கப்படுகிறது. வீட்டில் வாழும் முதியோரிடம் நடத்தப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைவதாகக் கண்டது. வயதாகிவிட்டால் விழத்தான் செய்வோம் என்ற எண்ணத்திற்கு இதுவே தக்க விடை.

சில வாரங்களுக்குப் பின் அதே சோதனைகளை மீண்டும் செய்து, முன்னைய அளவுடன் ஒப்பிடுகிறோம். கைத்தடி தேவைப்படுவோருக்கு அதன் உயரத்தையும் சரிபார்க்கிறோம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் அளவில் இருக்க வேண்டும். வலியோ பலவீனமோ உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். பலர் இதை மாற்றிப் பிடிக்கின்றனர்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பைப் பயன்படுத்துங்கள். சுவரில் திருகி இறுக்கிய கைப்பிடி அமையுங்கள். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. ஈரத்தரையில் லேசான பிளாஸ்டிக் முக்காலி நகர்ந்துவிடும்.
* நிலைப்படிகளின் விளிம்பில் பளிச்சென்று தெரியும் வண்ணத்தில் பட்டை ஒட்டுங்கள்.
* விளிம்பு மடங்கிய கால்மிதிகளையும் நடைவழியில் கிடக்கும் மின்கம்பிகளையும் அகற்றுங்கள்.
* அடி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தவிர்த்து, குதிகாலைப் பற்றிக்கொள்ளும் காலணியை அணியச் செய்யுங்கள்.
* கணுக்காலுக்குக் கீழே தரையைத் தொடும் வேட்டி, சேலை, நைட்டி ஆகியவற்றைச் சற்று உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.
* வாசல் தெளித்த ஈரம் காயும் வரை அவ்வழியே தனியாகச் செல்ல வேண்டாம்.
* படுக்கையருகே கைக்கெட்டும் தொலைவில் விளக்கு, கண்ணாடி, கைபேசி, ஊன்றுகோல் ஆகியவற்றை வையுங்கள்.
* உடன் நடக்கும்போது பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னே நின்று இடுப்பருகே தாங்குங்கள். பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவக்கூடும்.

மருந்துதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தால், தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம்; எங்களிடம் கேளுங்கள். மேலே சொன்ன நிற்கும் சோதனைகளையும் துணையின்றி வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

விழுந்துவிட்டால்

பதற்றத்தில் உடனே கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். முதலில் அவரை மூச்சுவிட்டு அமைதியாக இருக்கச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்பிலோ கழுத்திலோ கடும் வலி, காலை அசைக்க இயலாமை, கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ தோன்றுதல், நினைவு மங்குதல் ஆகியவை இருந்தால் அசைக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால், வெளியில் காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அத்தகைய அறிகுறி ஏதுமில்லையெனில், மெல்ல ஒருக்களித்துப் படுத்து, பின் முழங்காலும் கைகளும் ஊன்றி, உறுதியான நாற்காலியை நோக்கி நகரச் சொல்லுங்கள். அதன் இருக்கையில் கைகளை ஊன்றி, வலுவான காலை முன்வைத்து எழுந்து அமரட்டும். நீங்கள் அவரை இழுக்காமல், நாற்காலி அசையாதபடி பிடித்துக்கொண்டால் போதும்.

அடுத்த முறை வரும்போது

ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி எடுத்து வாருங்கள்: சென்ற வருகைக்குப் பின் எத்தனை முறை விழுந்தீர்கள் அல்லது தடுமாறினீர்கள், அப்போது எந்த நேரம், எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள் எவை. வீட்டில் அணியும் செருப்பும் நீங்கள் பயன்படுத்தும் கைத்தடியும் உடன் வரட்டும். இயன்றால் உங்களுடன் வாழும் ஒருவரும் வரட்டும்.

“வழுக்கியதுதான், விழவில்லை” என்று விட்டுவிடாமல் அதையும் அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள். அடுத்த விழுதலைத் தடுப்பதற்கான வழியை நாங்கள் அந்த வரியிலிருந்துதான் தேடத் தொடங்குவோம்.